பி.காம் முடித்த தம்பிக்கும் பத்தாவது முடித்த தங்கைக்கும்: வேலூர்ப் பக்கம் என்ன வேலை, எங்கே கற்பது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.காம் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. குரூப் 4 ஒரு முறை எழுதிக் கிடைக்கவில்லை, மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறார். அப்பா லுங்கி நெய்கிறவர். ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு காண்ட்ராக்டர் மூலம் 'டிரெய்னி' வேலை, மாதம் 15,000, தங்குமிடம் உண்டு என்று கூப்பிடுகிறார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருக்கும் மாமா, "இங்கே வா, சேர்த்துவிடுகிறேன்" என்கிறார். தங்கை இப்போதுதான் பத்தாவது முடித்திருக்கிறாள். "எந்தக் கோர்ஸ் படித்தால் உடனே வேலை கிடைக்கும்? தங்கையை எதில் சேர்ப்பது?" என்பது கேள்வி.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் அப்ரண்டிஸாக நுழைந்தவன். டூல் ரூமில் பன்னிரண்டு வருஷம், அதற்குப் பிறகு ஐடிஐ பயிற்றுநராக இருபது வருஷத்துக்கு மேல். இதே கேள்வியோடு வந்த எத்தனையோ பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. வேலை கிடைக்காதது உங்கள் குறை என்று நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2023-24-ல் நாடு முழுக்க வேலையின்மை 3.2 சதவீதம், 15 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் 10.2 சதவீதம். தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகிறவர்கள் அதிகம். 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை இங்கே 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. இது பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அத்தனை பட்டதாரிகளுக்கும் ஏற்ற நாற்காலி வேலை பாலாற்றங்கரையில் இல்லை. இங்கே இருக்கும் வேலைகள் பெரும்பாலும் தோல், இரும்பு, கெமிக்கல், ஆஸ்பத்திரி. ஒரு பக்கம் ஆள் வேலையில்லாமல் நிற்கிறான், இன்னொரு பக்கம் நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனிக்காரர் சொல்கிறார். இரண்டுமே உண்மை.

ஆள் எடுக்கக் கம்பெனிக்காரர்கள் ஐடிஐக்கு வருவார்கள். சர்டிபிகேட்டை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு டிராயிங்கை நீட்டி, "இந்தத் துளை விளிம்பிலிருந்து எத்தனை தூரத்தில் வரும்?" என்பார்கள். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து ஒரு புஷ்ஷை (சின்ன உலோகக் குழல்) அளக்கச் சொல்வார்கள். மெயின் ஸ்கேலில் தெரியும் எண்ணோடு நிற்காமல், எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று பார்த்து 0.02 மில்லிமீட்டர் வரை சொல்ல வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். மார்க் நன்றாக வாங்கிய பையன்கூட வியர்த்து நிற்பான். எங்கள் காலத்தில் முதல் மூன்று மாதம் அரம் மட்டும்தான். ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக ராவ வேண்டும். செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. உள்ளங்கை கொப்புளிக்கும், தோள் வலிக்கும், "இதைப் போய் யார் இந்தக் காலத்தில் கையால் செய்கிறார்கள்" என்று கோபம் வரும். அந்த மூன்று மாதம் கற்றுக்கொடுத்தது அரத்தை மட்டும் இல்லை, 'சரி' என்றால் எது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான். அது படிந்தவனுக்கு நாளைக்கு கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினைக் கொடுத்தாலும் பிசகு எங்கே என்று பிடிபடும்.

ஒரு வேலை கையில் படிய ஒன்றரை இரண்டு வருஷம் ஆகும். எந்தக் கோர்ஸும் அதைச் சுருக்க முடியாது. அதனால் 'உடனே வேலை தரும் கோர்ஸ் எது' என்ற தேடலை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். அதைத் தேடிப் போகிறவர்கள்தான் மூன்று மாத சர்டிபிகேட் விற்கும் சென்டர்களில் முப்பதாயிரம் நாற்பதாயிரம் கட்டிவிட்டு வருகிறார்கள். முதல் இரண்டு வருஷத்துக்கு, எங்கே கற்றுக்கொடுப்பார்கள் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சம்பளத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. வீட்டில் கஷ்டம் இருக்கும்போது இப்படிச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன்தான்.

இனி ஒரகடம். 'டிரெய்னி' என்ற சொல்லைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு மாணவன் ஞாபகம் வருகிறது. பேரணாம்பட்டுப் பக்கம், நல்ல கைவேலைக்காரன். படித்து முடித்ததும் ஒரு பெரிய கம்பெனியில் காண்ட்ராக்டர் மூலம் டிரெய்னியாகப் போனான். மூன்று வருஷம் ஒரே ஸ்டேஷன், போல்ட் முடுக்கும் ஒரே கன், ஒரே நான்கு போல்ட். ஷிஃப்ட் முடிந்தால் ரூம், ரூமை விட்டால் ஷிஃப்ட். மூன்றாம் வருஷ முடிவில் "டிரெய்னிங் முடிந்தது" என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்து உட்கார்ந்தான். அடுத்த இன்டர்வியூவில் என்ன வேலை தெரியும் என்று கேட்டபோது சொல்ல ஒன்றுமில்லை என்று அழுதான். ஐடிஐ-யில் கற்றதையும் கை மறந்துவிட்டது. அன்றைக்கு அவனுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அவன் அந்த வேலைக்குப் போகும்போது சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு, வாழ்த்தி அனுப்பியவன் நான்தான்.

ஆகவே நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது இது. அவர்கள் உங்களை அப்ரண்டிஸாக எடுக்கிறார்களா, தொழிலாளியாக எடுக்கிறார்களா? 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி எடுத்தால் உங்கள் பெயரில் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகும், பதிவு எண் இருக்கும், எத்தனை மாதம் என்று இருக்கும், முடிவில் சான்றிதழ் வரும். அப்போது பிஎஃப் (சேமநிதி), ஈஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) கிடையாது, கொடுப்பது உதவித்தொகை. 2019-ல் திருத்திய விதியில் குறைந்தபட்ச உதவித்தொகை படிப்புக்குத் தக்கபடி 5,000 முதல் 9,000 வரை என்று வைத்தார்கள், பட்டதாரிக்கு 9,000. அதற்கு மேல் கொடுக்கத் தடையில்லை. தொழிலாளியாக எடுத்தால் பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டும் பிடிக்க வேண்டும். 21,000 வரை சம்பளக்காரருக்கு ஈஎஸ்ஐ உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. பிஎஃப் உங்கள் பங்கு 12 சதவீதம். 15,000 முழுவதையும் கணக்கில் எடுத்தால் பிஎஃப் 1,800, ஈஎஸ்ஐ 113 போய் 13,087 கைக்கு வரும். பிடித்தம் இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள், உங்கள் கணக்கில் கம்பெனியும் போடுகிறது. பயப்பட வேண்டியது இரண்டும் இல்லாத இடத்துக்கு. ஒப்பந்தப் பதிவும் கிடையாது, பிஎஃப் எண்ணும் கிடையாது, பெயர் மட்டும் 'டிரெய்னி' என்றால் அங்கே உங்களுக்கு யாரும் எதையும் கற்றுத்தரப் போவதில்லை. காண்ட்ராக்டரிடம் நேரடியாகவே கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் அதுவே பதில்.

பி.காம்காரருக்கு அப்ரண்டிஸ் எல்லாம் உண்டா என்று பலருக்குச் சந்தேகம். உண்டு. 2014 திருத்தத்துக்குப் பிறகு இன்ஜினியரிங் அல்லாத பட்டதாரிகளையும் எடுக்கலாம். கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், எச்ஆர் பிரிவுகளில் இந்த வழியாக எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் அப்ரண்டிஸ் என்றால் எண்ணெய்க் கை என்றே நினைத்துக்கொண்டு அந்த போர்ட்டலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆம்பூர் மாமா விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இதுதான் நல்ல வழி என்று எனக்குப் படுகிறது. ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஷூ கம்பெனி என்றால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கிற இடம், டிகிரி படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று ஊரில் நினைப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு செக்‌ஷனும் ஒரு தொழில். கட்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். துணி மாதிரி தோல் ஒரே சீராக இருக்காது. முதுகுப் பகுதி கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். உண்ணி கடித்த தழும்பும் முள் கீறலும் ஒவ்வொரு தோலிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஷூவின் முன்பக்கம் வரும் வேம்ப்பை நல்ல பகுதியில் எடுக்க வேண்டும், உள்ளே மறையும் துண்டை ஓரத்தில் எடுக்கலாம். இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் நிறமும் ரேகையும் ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் பார்த்து வீணில்லாமல் வெட்டுகிறவர் ஒரு தோலில் கூடுதலாக ஒரு ஜோடி எடுத்துவிடுவார். அதற்கு அடுத்து ஓரத்தை மெலிதாகச் சீவும் ஸ்கைவிங், தைக்கும் கிளோசிங், அச்சில் இழுத்து உட்கார வைக்கும் லாஸ்டிங், அதற்கப்புறம் சோல் ஒட்டுவது, ஃபினிஷிங், பேக்கிங்.

இதில் உங்கள் பி.காம் எங்கே வருகிறது என்றால், தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு ஜோடிக்கு இத்தனை சதுர அடி என்று கன்சம்ப்ஷன் போட்டுத்தான் ஷூ வாங்குகிறவரிடம் விலை சொல்ல வேண்டும். அந்தக் கணக்குக் கொஞ்சம் தப்பினாலும் ஆயிரக்கணக்கான ஜோடி ஆர்டரில் லாபம் முழுக்கப் போய்விடும். கணக்குத் தெரிந்தவர்கள் ஆபீஸில் இருக்கிறார்கள், தோல் தெரிந்தவர்கள் கட்டிங்கில் இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்த ஆள் அபூர்வம். காஸ்டிங் (செலவுக் கணக்கு போடுவது), புரொடக்‌ஷன் பிளானிங், மெர்ச்சண்டைசிங் (ஆர்டரைப் பேசி முடித்துக் கொடுப்பது) எல்லாவற்றுக்கும் அப்படிப்பட்ட ஆளைத்தான் தேடுகிறார்கள். ஏற்றுமதிப் பிரிவில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், எல்சி (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. காமர்ஸ் படித்தவருக்கு அது ஆறு மாதத்தில் பிடிபடும்.

எனவே மாமாவிடம் "ஏதாவது வேலை போட்டுக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். "மாமா, முதல் மூணு மாசம் என்னை கட்டிங்லயும் கிளோசிங்லயும் நிக்க விடுங்க, அப்புறம் காஸ்டிங்லயோ ஸ்டோர்ஸ்லயோ போடச் சொல்லுங்க" என்று கேளுங்கள். மூன்று மாதம் நிற்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அங்கே பதினைந்து வருஷமாகத் தைக்கிற அக்காக்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், மனமுவந்து சொல்லித் தருவார்கள். சாயங்காலத்தில் எக்செல்லும் டாலியும் உண்மையாகவே கை வரும்படி பழகுங்கள். சர்டிபிகேட்டுக்காகப் பழக வேண்டாம். உங்கள் வீட்டுத் தறிக்கு நூல் வாங்கிய செலவு, கூலி, லுங்கி விற்ற வரவு இவற்றை ஒரு ஷீட்டில் போட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல பாடம் இல்லை. பிற்பாடு இந்தத் தொழிலில் டிசைன், பேட்டர்ன் பக்கம் மனது போனால் கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு கற்றுத்தரும் எஃப்டிடிஐ இருக்கிறது.

தோல் தொழிலில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாலாற்றைக் கெடுத்த கழிவுநீருக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு இல்லாத, தோல் பதனிடும் ஷாப்புகளை மூடச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு நியாயமானது. ஆற்றங்கரைக் கிணறுகளைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் தோல் பதனிடும் டிரம் சுற்றுவதை மட்டும் தெரிந்துவைத்திருந்தவர்கள் அப்போது தவித்ததையும் பார்த்தேன். மோட்டாரும் பம்பும் வால்வும் தெரிந்தவர்கள் பிறகு வந்த சுத்திகரிப்பு நிலையங்களிலேயே வேலைக்கு அமர்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் அந்த நாட்டு ஆர்டரை நம்பிய கம்பெனிகள் கையைப் பிசைந்தன. ஆகவே எந்தத் தொழிலில் இருந்தாலும், அடுத்த தொழிலுக்கும் எடுத்துப் போகக்கூடிய ஒன்றைச் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது காஸ்டிங். எங்கே போனாலும் காஸ்டிங் வேண்டும்.

ராணிப்பேட்டைப் பக்கம் வருவதையும் கவனியுங்கள். பெல் நிறுவனம், சிப்காட், அரக்கோணத்தில் எம்ஆர்எஃப், சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியா எல்லாம் பழையவை. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாயில் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டியது, 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். அதே பனப்பாக்கத்தில் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலை ஒன்றுக்கு அதே வருஷம் டிசம்பரில் அடிக்கல். 1,500 கோடி, 25,000 வேலை என்றார்கள். அறிவித்த அத்தனை வேலையும் ஒரே நாளில் வந்துவிடாது. ஆனால் காலணி வேலை தெரிந்த சூப்பர்வைசருக்கும் பிளானிங் ஆளுக்கும் தேவை கூடும் என்பது உறுதி. இந்தப் பேச்சைக் காட்டி "உள்ளே ஆள் இருக்கிறான், ஐம்பதாயிரம் கொடுத்தால் வேலை" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

குரூப் 4 பற்றி. 2024-ல் முதலில் அறிவித்தது 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். இடங்களைப் பிறகு கூட்டினார்கள், அப்படியும் போட்டி எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, அங்கே இலவசமாகவே வகுப்பு நடத்துகிறார்கள். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து நான்கு வருஷம் படித்தவர்கள், கிடைக்காமல் போனபோது 'இடையில் என்ன செய்தீர்கள்' என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் நிற்கிறார்கள்.

சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் வேலூரில் வேலை பற்றிப் பேச முடியாது. அதைச் சுற்றி லாட்ஜ், மருந்துக்கடை, லேப், ஹோட்டல் என்று எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் நோயாளிகள் வருவதால் பாபு ராவ் தெருவில் லாட்ஜ் பையன்கள் வங்காளி பேசுகிறார்கள், ஆட்டோக்காரர்கள் இந்தி பேசுகிறார்கள். யாரும் கோர்ஸ் போகவில்லை. தேவை வந்தது, காது கொடுத்துக் கேட்டார்கள், வாய் திறந்து தப்பும் தவறுமாகப் பேசினார்கள். இன்டர்வியூவில் ஆங்கிலம் வராமல் வாயடைத்துப் போகும் நம் பிள்ளைகளை நான் அந்தத் தெருவில் ஒரு நாள் நடந்து வரச் சொல்வேன்.

தங்கை. முதலில் அவளுக்கு என்ன பிடிக்கிறது என்று அவளிடமே கேளுங்கள். நீங்கள் எழுதிய கேள்வியில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. நர்சிங், லேப் டெக்னீஷியன் என்று மனதில் வைத்திருந்தால் பிளஸ் டூவில் உயிரியலோடு அறிவியல் பிரிவு எடுக்க வேண்டும், ஐடிஐ வேண்டாம். மெஷின், ஒயர் என்று கை பரபரக்கிறவள் என்றால் அரசு ஐடிஐ-யில் தயங்காமல் சேருங்கள். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 உதவித்தொகை, இலவச பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ஐடிஐக்கும் உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களை நவீனமாக்கியிருக்கிறார்கள். ரோபாட், சிஎன்சி, மின்வாகனம் என்று புது டிரேடுகள் (தொழிற்பிரிவுகள்) வந்திருக்கின்றன. புதுப் பெயரில் மயங்காமல், இரண்டு வருஷ எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர் எடுக்கச் சொல்வேன். அடிப்படை கையில் இருந்தால் புது மெஷினைப் பிறகு கற்கலாம். எலக்ட்ரீஷியனுக்கு ஆஸ்பத்திரி, சோலார், லிஃப்ட், தொழிற்சாலை என்று போக்கிடம் நிறைய.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இரும்பு வேலை" என்று வீட்டில் ஒரு குரல் வரும். என் வகுப்பில் ஃபிட்டர் படித்த பெண்கள் வேலைத்துண்டை ஆண்பிள்ளைகளைவிடச் சுத்தமாக முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை வேலையிலிருந்து நிறுத்தியது ஷிஃப்ட் முடிந்து வீடு வர பஸ் இல்லாததும், கழிப்பறை சரியில்லாததும்தான். அதனால் தங்கைக்குக் கம்பெனி பார்க்கும்போது கம்பெனி பஸ் எதுவரை வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

ஐடிஐ என்றால் படிப்பு முடிந்துபோனது என்றும் நினைக்க வேண்டாம். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் வருஷம் சேரலாம். அந்த வழியாக இன்ஜினியரான என் மாணவர்கள் இருக்கிறார்கள்.

சேர்வதற்கு முன் ஒரு நாள் தங்கையை அழைத்துக்கொண்டு காட்பாடியிலோ வாணியம்பாடியிலோ உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐடிஐ எதற்காவது போங்கள். வொர்க் ஷாப்பைப் பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள். மெஷின்களில் தூசி படிந்திருக்கிறதா, கீழே இரும்புச் சீவல் கிடக்கிறதா என்று பாருங்கள். சீவல் கிடந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். நீங்கள் ஒரகடத்துக் காண்ட்ராக்டருக்கு நாளைக்கே போன் போட்டு அந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து பார்ப்போம்.